கலியாண வீடியோவுக்குப் புரூஜ் போனோம்

பரிஸ் நகரத்தில், லா சப்பல் பக்கம், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு கடையில் மணப்பெண்களுக்குச் சோடனை செய்கிறேன். கதிரையில் வந்து இருக்கிற பெட்டைகள் எல்லாருக்கும் ஒரே ஆசை: கலியாண வீடியோவுக்கு வெளிநாடு போய்ப் படம் எடுக்கவேண்டும். “அக்கா, நீங்கள் பெல்ஜியத்திலை புரூஜ் போனனீங்களாமே, எப்பிடி இடம்?” என்று கேட்பார்கள். வடிவான இடம் என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னத் தொடங்குவேன். பொய்யில்லை, வடிவான இடம்தான். நான் அங்கே போன அன்று என் அம்மா செத்து ஒரு நாள் ஆகியிருந்தது. என்னோடு வான் வண்டியில் வந்த எல்லாருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

மறைத்ததற்குக் காரணம் தொடக்கு. எங்கள் சைவ ஆட்களுக்கு வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாளுக்கு நல்ல காரியம் கிடையாது. எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை தாலிகட்டு. மண்டபம் எடுத்தாயிற்று, ஐயரைப் பிடித்தாயிற்று, கனடாவில் இருந்து சனம் வந்து பரிஸ் நகரத்துக்கு வெளியே பொண்டியில் மாப்பிள்ளை வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருக்கிறது. புதன்கிழமை வவுனியா ஆஸ்பத்திரியில் அம்மா கண்ணை மூட, சித்தி எனக்கு எடுக்காமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார். மாப்பிள்ளையின் தாய் இராசமலர் மாமி அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “தாலி ஏறுமட்டும் பெட்டையின்ரை காதிலை ஒண்டும் விழக்கூடாது.” சித்தியும் ஓம் என்றார்.

2009இல் வன்னியில் இருந்து எங்கள் வீட்டில் உயிரோடு வெளியே வந்தது நானும் அம்மாவும்தான். பிறகு நான் பிரான்சுக்கு வந்து அகதியானேன். அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தோடு எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்குப் போக முடியாது. அதனால் அம்மா இருந்தாலும் செத்தாலும் அவர் முகத்தை நான் பார்க்க இருந்த ஒரே வழி போன். அந்தப் போனை வியாழக்கிழமை விடியவே தவசீலன் என் கையில் இருந்து வாங்கிவிட்டார். “பெல்ஜியத்திலை உன்ரை சிம் வேலை செய்யாது. வீட்டிலை இருக்கட்டும்,” என்றார். என்னைக் கட்டப்போகிறவர் சொல்கிறார். நம்பாமல் என்ன செய்வது?

காலை முழுக்க வான் ஓடிப்போய்ப் பார்த்தது என்ன? வாய்க்கால். லா சப்பலில் இருந்து கொஞ்சம் நடந்தால் பரிஸ் நகரத்துக்கே ஒரு வாய்க்கால் இருக்கிறது, தண்ணீரும் அதே பாசிப் பச்சை. ஆனால் புரூஜ்காரர் தங்கள் வாய்க்காலை வைத்திருக்கிற விதம் வேறு. செங்கல் வீடுகள் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்கின்றன. வளைந்த கல்லுப் பாலங்கள், அதில் ஏறி நின்று படம் எடுக்கிற சீனர்கள். குதிரை வண்டி போகிற தெருவில் சாணியும் சொக்லேட்டும் சேர்ந்து மணக்கும். எத்தனையோ நூறு வருசத்து வீட்டில் ஒரு ஓடுகூடப் பெயரவில்லை. செல் குண்டு விழாத ஊர் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் வாய் பிளந்து பார்த்தேன். பொறாமையாக இருந்தது. அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்றும் இருந்தது.

வீடியோக்காரர் டெனிஸ்டன் என்னை ரோசா நிறக் கவுணில் பாலத்துக்குப் பாலம் இழுத்துத் திரிந்தார். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்குத் தொடக்கும் இல்லை துடக்கும் இல்லை. அவரும் வாய் திறக்கவில்லை. “தங்கச்சி, அண்ணையின்ரை தோளிலை சாயுங்கோ. சிரிப்புக் காணாது, இன்னும் கொஞ்சம்.” சாய்ந்த சாக்கில் தவசீலனிடம் கேட்டேன்.

“அம்மாவோடை கதைச்சனீங்களா?”

“ஓம், விடிய எடுத்தனான். நித்திரையாம். எழுப்பவேண்டாம் எண்டு சித்தி சொன்னவா.”

“இன்னும் நித்திரையோ? மருந்து கூடிப்போச்சோ தெரியாது. உங்கடை போனைத் தாங்கோ, ஒருக்கா எடுப்பம்.”

“சார்ஜ் இல்லை.” கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம்.

மாமி வந்தது எனக்குக் காவலுக்கு. கலியாணத்துக்காக மச்சம் மாமிசம் விட்டிருந்தார், அதனால் உருளைக்கிழங்குப் பொரியலாக வாங்கி வாங்கித் தின்றார். அங்கே அதை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறவர்கள் என்று எனக்குப் பிறகு ஒருத்தி சொன்னாள். மாமிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஒரு கந்தசட்டி விரதத்துக்கு ஆறாம் நாளாகப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறேன்.

மத்தியானம் படகில் ஏறினோம். படகுக்காரன் மூன்று பாசையில் பகிடி விட்டான், அன்னங்கள் வழிவிட்டன, வெயிலும் எறித்தது. தவசீலனின் தங்கச்சி ரூபிகா மட்டும் பின்னால் தனியே இருந்தாள். பிரான்சில் பிறந்த பெட்டை. காதில் ஒரு வயர், மடியில் போன். அந்தப் போனில் வவுனியாவில் என் அம்மாவின் செத்தவீடு ஓடிக்கொண்டிருந்தது. சித்தி வீடியோவில் பிடித்துக் காட்ட, இவள் பார்க்கிறாள். மாப்பிள்ளை பக்கத்தால் ஓராளாவது பார்த்தது என்று நாளைக்குச் சனத்துக்குச் சொல்லவேண்டாமா? மாமிதான் பார்க்கச் சொல்லி இருத்தியிருந்தார். எனக்கும் அந்தப் போனுக்கும் நடுவில் இருந்தது ஒரு வாங்குப் பலகை.

நான் திரும்பிப் பார்த்தேன். ரூபிகாவின் கண் கலங்கியிருந்தது.

“ஏனடி அழுறாய்?”

“காத்து, அண்ணி.”

அண்ணன் கையை விட்டுப் போகப்போகிறான் என்று அழுகிறாள் போல என நினைத்தேன். எனக்கு அவளில் பாசம் பொங்கிவிட்டது. “இஞ்சை வா, என்னோடை வந்து இரு. மூண்டு பேரும் சேந்து சிரிப்பம். அம்மாவுக்கு அனுப்பவேணும்,” என்று கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. “வாவேன், பிள்ளை!” மாமி அவளை ஒரு முறை முறைத்தார். ரூபிகா போனை வாங்கில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். “திறம்!” என்றார் டெனிஸ்டன். கலியாண வீடியோவில் அந்த இடத்துக்கு ஒரு சந்தோசப் பாட்டுப் போட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தாலி ஏறியது. அதுமட்டும் கேட்டபோதெல்லாம் ஒரு சாட்டுச் சொல்லி, போனை என் கைக்குத் தரவில்லை. உடுப்பு மாற்ற அறைக்குள் போனதும் மாமி கதவைச் சாத்தினார்.

“பிள்ளை, இனிச் சொல்லலாம். கொம்மா மோசம் போயிட்டா. புதன்கிழமை.”

“புதனோ? நாங்கள் புரூஜ் போக முதலோ?”

“நீ இப்ப எங்கடை குடி. கட்டிக்குடுத்த பெட்டைக்குத் தாய்வீட்டுத் தொடக்குப் பெரிசா இல்லை. அழாதை, மை கரைஞ்சிடும். வெளியிலை சனம் நிக்குது.”

அவரைக் கொல்லவேண்டும் போல இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். தாலி கழுத்தில் ஏறிய சூட்டோடு என் அம்மா எனக்கு யாரோ ஆகிவிட்டார், அதையும் இந்தக் கிழவி ஆறுதல் என்று நினைத்துச் சொல்கிறார். கையை ஓங்கியிருப்பேன். அதற்குள் அவர் அடுத்த ஆறுதலையும் சொன்னார்.

“நீ பாக்கேல்லை எண்டு கவலைப்படாதை. ரூபிகா போனிலை எல்லாம் பாத்தவள். படகிலை இருந்து.”

ரூபிகா மூலையில் என் சேலையோடு நின்றாள். அவளின் இரண்டு தோளையும் பிடித்தேன்.

“அம்மாவின்ரை முகம் எப்பிடி இருந்தது? சொல்லு. நோவோடை இருந்ததே?”

முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. தோளை உலுக்கினேன். பிறகு தமிழில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக.

“நான் பாக்கேல்லை, அண்ணி. முதல் பெட்டி தூரத்திலை, சனம் மறைச்சுக்கொண்டு நிண்டது. பிறகு ‘இப்ப கிட்டக் கொண்டுபோய் முகத்தைக் காட்டுறன்’ எண்டு உங்கடை சித்தி சொன்னவா. அப்பதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டனீங்கள். திரும்பிப் போய்ப் பாக்க, பெட்டியை மூடியிட்டினம்.”

அவளின் தோளை விட்டேன். வெளியே மேளக்காரர் தொடங்கிவிட்டார்கள். மாமி சேலையை மாற்றிவிட்டு, என் முந்தானையைச் சரிபண்ணி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.