ஐந்தாவது வெடிக்கு அப்பால்

மூன்றாவது வெடியோடு ரிவால்வர் மறுபடியும் இறுகிக்கொண்டது. வெள்ளைக்கார அதிகாரி வேடத்திலிருந்த நடிகர் சலிப்போடு அதை நீட்டினார். தோட்டா கிடையாது, வெறும் கருமருந்துதான். ஆனாலும் ஆறு வெடியும் நிற்காமல் வெடித்தாக வேண்டும். மருந்து போட உரிமம் வைத்திருந்தவர் மிச்சத்தை எடுத்துவிட்டு, துப்பாக்கியை ஆரோக்கிய அனிதாவிடம் கொடுத்தார். அதன் உருளையைத் தடையில்லாமல் சுழல வைப்பது அவள் பொறுப்பு.

"பொழுது சாஞ்சா லைட்டு போயிடும்மா. இன்னும் ஒரு வாட்டிதான்" என்றார் படப்பிடிப்பு மேனேஜர் ராஜவேல். "ஆவலன்னா சிதம்பரத்துக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

பன்னிரண்டு வருடமாக அனிதா முதுநகரில் தையல் மிஷின் பழுதுபார்க்கிறாள். இன்றைக்கும் வருகிறவர்கள் அவளைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அடுத்து சிதம்பரத்தில் ஒரு மாதப் படப்பிடிப்பு வேலை, திரையில் பெயர் வரும் என்று ராஜவேல் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. வந்த வாய்ப்பைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்கிறோமே என்று நினைத்தபடி, இறுகிய உருளையைத் திருகிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் எண்ணெ வுட்டுப் பாரேன்" என்றான் அவள் கணவன் மரியலூர்து. செட்டு போடும் தச்சன் அவன், இந்த வேலைக்கு அவளைச் சொல்லிவிட்டவனும் அவன்தான்.

"வுட்டதுதான் மாமா தப்பு."

உருளையைக் கழற்றிக் காட்டினாள். எந்த மிஷின் இறுகினாலும் தையல் மிஷின் எண்ணெயை விட்டே பழகிய கை, இதற்கும் தாராளமாக விட்டிருந்தது. மருந்துக் கரி அந்த எண்ணெயோடு சேர்ந்து, அச்சு முழுக்கத் தாராக ஒட்டியிருந்தது.

"மெஸ்ஸுல வெந்நி வாங்கியா. கறில ஒதுக்குன கொழுப்பு இருந்தா உருக்கி எடுத்தா."

"கொழுப்பா?"

"எண்ணெயில கரி தாராவுது, கொழுப்புல எளக்கமா நிக்கும். போ மாமா, நேரமாவுது."

தோல் பை தைக்கும் நூலில் தேய்க்கிற தேன்மெழுகு அவள் பெட்டியிலேயே இருந்தது. கரியை வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். மெழுகையும் கொழுப்பையும் சேர்த்து உருக்கி, ஆறவிட்டு, அச்சில் வழித்துப் பூசினாள். உருளையை மாட்டிக் கொடுத்ததும், உரிமக்காரர் மருந்து போட்டுத் துப்பாக்கியை நடிகரிடம் நீட்டினார்.

நிற்க முடியாமல் கடற்கரை மணலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி வெடிகளை எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. புகையில் நடிகரே தெரியவில்லை. நான்கு வெடித்ததும் மரியலூர்து அவள் முழங்கையைப் பிடித்தான். ஐந்து.

ராஜவேல் பக்கத்தில் வந்து நோட்டைத் திறந்தார். "படத்துல ஒம் பேர எப்பிடிம்மா எழுதணும்?" என்றார் மெதுவாக.

ஆறாவது இன்னும் பாக்கி. அவள் இடது கையைக் காட்டி அவரை அடக்கினாள். வலது கட்டைவிரல், இல்லாத துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தது. கடற்காற்றில் புகை மெல்ல விலகிக்கொண்டிருந்தது.