பதினாறு நாள் பிரிக்காத பெட்டி

டெல்லியின் ஓரத்தில் இருக்கும் நரேலாவிலிருந்து ராஜவேல் அனுப்பிய அட்டைப்பெட்டி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது ஜ்யோத்ஸ்னா அலுவலகத்தில் இருந்தாள். அவள் அம்மா வத்சலா கையெழுத்துப் போட்டு வாங்கி, செருப்பு அலமாரியின் மேல் வைத்தாள். பதினாறு நாள் அது அங்கேயே இருந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று ஜ்யோத்ஸ்னாவுக்குத் தெரியும். கேட்டதே அவள்தான். தட்டச்சு செய்வதைத் தமிழில் பேசிக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை ஆறேழு பேர் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார்கள். புதிதாக வரும் கணினிகளில் அதை ஓடவைப்பது அவள் வேலை. எல்லாக் கணினியையும் காசு கொடுத்து வாங்க அவர்களுக்கு வழியில்லை. வைத்திருப்பவர்கள் கொடுத்தால் செய்து தருகிறோம் என்று இணையப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அதைப் பார்த்துத்தான் ராஜவேல் மின்னஞ்சல் அனுப்பினார். வேன் ஓட்டிப் பிழைத்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பழைய லேப்டாப் ஒன்றில் இந்த மென்பொருள்தான் இரண்டு வருடமாக அவருக்காகப் பேசியது. தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்து அவர்களை நரேலாவுக்கு அனுப்பியபோது, சாமான் ஏற்றிய டெம்போவில் அது நசுங்கிப்போனது. ஒரு தர்ம அமைப்பு கொடுத்த சின்னக் கணினியில் இருந்தது புது வகைச் சிப். மென்பொருள் அதில் ஓடவில்லை. மருந்தின் வேகத்தில் விரல் நுனிகள் மரத்துப்போனதால் போனில் எழுத்துகளைத் தொடவும் முடியவில்லை.

'என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது' என்று எழுதியிருந்தார். 'கேம்ப்பில் பக்கத்து வீட்டு வேலம்மாளின் மகள் நான் எழுதுவதைப் படித்துச் சொல்வாள். இங்கே எங்கள் பிளாக்கில் தமிழ் படிக்கிறவர்கள் இல்லை. கணினியை அனுப்புகிறேன். சீக்கிரம் பாருங்கள் மேடம்.'

அலுவலகத்தில் ஆடிட் நடந்துகொண்டிருந்தது. நடுவில் சித்தி பெண்ணின் கல்யாணம் வந்தது. தினமும் செருப்பை மாட்டும்போது பெட்டி கண்ணில் படும்.

"அந்தப் பொட்டிய எப்போடீ பிரிக்கப்போறே?" என்று வத்சலா இரண்டு தடவை கேட்டாள்.

"சாட்டர்டே பாக்கறேம்மா."

பிரித்த பிறகு ஒன்பது நாளில் வேலை முடிந்தது. முதலில் கணினியிலிருந்து கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்ததும் பேச்சு தெளிவாக வந்தது. ஜ்யோத்ஸ்னா சந்தோஷமாக அவர் கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டாள். அவர் மனைவி இந்திராணி எடுத்தாள்.

"அவரு போயி நாலு நாளாவுது மேடம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜ்யோத்ஸ்னா கணினியை எடுத்துக்கொண்டு நரேலாவுக்குப் போனாள். மெட்ரோவிலிருந்து இறங்கி இரண்டு பஸ் மாறவேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. இன்னும் அவிழ்க்காத மூட்டைகள் சுவரோரம் கிடந்தன.

"பெட்டி எங்காத்துல பதினாறு நாள் சும்மா இருந்தது" என்றாள் ஜ்யோத்ஸ்னா. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது. "நான் பிரிக்கவே இல்லை. உடனே பாத்திருந்தா அவர் இருக்கும்போதே வந்திருக்கும். தப்பு என்னோடதுதான்."

இந்திராணி கணினியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தெனம் கேப்பாரு. கையால இப்பிடிப் பொட்டி மாதிரி காட்டுவாரு. வரும், வரும்னு சொல்லிக்கினே இருந்தேன்."

பிறகு எழுந்துபோய் ஒரு நோட்டை எடுத்துவந்தாள். "கடைசியா எழுதுனது. டாக்டராண்ட காட்டுனேன், தமிழ் தெரியாதுன்னுட்டாரு. நீங்க படிங்க."

ஜ்யோத்ஸ்னா டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பென்சில் எழுத்துகள் வேறு கோணல்மாணலாக இருந்தன. ஜன்னலைத் திற. ஃபேன் வேண்டாம். கஞ்சியில் உப்பு போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் இந்திராணி தலையாட்டினாள். அடுத்த பக்கத்தில் ஜ்யோத்ஸ்னா நிறுத்திவிட்டாள்.

"இன்னா எழுதிக்கிறாரு?"

வேறு எதையாவது சொல்லிவிடலாம். இந்த அம்மாளுக்குத் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பே அவளுக்குக் கூசியது.

"பச்சை மாத்திரை வேண்டாம். வயிறு எரிகிறது" என்று படித்தாள்.

அடுத்த நான்கு பக்கங்களிலும் அதுதான் இருந்தது. எழுத்து பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. கடைசிப் பக்கத்தில், 'டாக்டரிடம் சொல்'.

"வலி மாத்திரை" என்றாள் இந்திராணி. குரல் உயரவில்லை. "நோட்ட நீட்டுவாரு, வாயத் தொறக்கமாட்டாரு. நோவுல அடம் புடிக்கிறாருன்னு நெனச்சேன். தலையப் புடிச்சி முழுங்க வெச்சேன், ரெண்டு வேளையும். ரத்தமா வாந்தியெடுத்துத்தான் போனாரு."

கீழே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு எட்டிப்பார்த்து, "பானி ஆ கயா", தண்ணீர் வந்துவிட்டது என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். இந்திராணி அசையவில்லை.

"இத எடுத்துக்கினு போயிடுங்க" என்றாள் கணினியைக் காட்டி. "வேற யாருக்காச்சும் குடுங்க. கேட்டா அன்னிக்கே குடுத்துடுங்க."

ஜ்யோத்ஸ்னா கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"மேடம்" என்று இந்திராணி கூப்பிட்டாள். நோட்டு அவள் கையில் திறந்திருந்தது. "மாத்திரைன்னு எழுதியிருக்கிறது எந்த எடம்?"

ஜ்யோத்ஸ்னா திரும்பிவந்து தொட்டுக் காட்டினாள். இந்திராணி அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் அதே எழுத்துகளைத் தேட ஆரம்பித்தாள்.