ரேகை விழாத விரல்கள்

வெளிச்சம் வருவதற்குள் படுக்கை விரிப்புகளை அலசி முடித்தாக வேண்டும். பெரியக்கா பிளீச்சிங் தொட்டியில் முழங்கை வரை கைவிட்டு, ஊறிய விரிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூத்திர நெடியும் மருந்து நெடியும் சேர்ந்து கண்ணைக் கரித்தன. தண்ணீர் குடித்த விரிப்பு ஒவ்வொன்றும் பிணக் கனம் கனத்தது. பக்கத்தில் நின்று ஒரு நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்த சலவைக்காரிக்கு அந்த ஆதரவு இல்லத்தில் எல்லாரும் வைத்திருந்த பெயர் வாயாடி.

"கை எரியலையாக்கா?"

"எரிஞ்சுது. அப்புறம் அதுவே அலுத்துப்போய் விட்டுடுச்சு."

கையுறை இல்லாமல் இல்லை. அலுவலக அலமாரியில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. நன்கொடையாளர்கள் பார்வையிட வரும் நாளில் அதை எடுத்துக் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், கழற்றி வாங்கிக்கொள்வார்கள்.

விரிப்புகளைக் காயப்போட்டுவிட்டுப் பெரியக்கா பெண்கள் கூடத்துக்குள் போனாள். தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள முடியாதவர்கள் இருந்த கூடம் அது. படுக்கையிலேயே கிடப்பவர்கள், நினைவு தப்பியவர்கள், நாற்பது வயதிலும் நான்கு வயதுக் குழந்தையாக இருப்பவர்கள். ஒவ்வொருவரையும் புரட்டி, துடைத்து, புண்ணுக்கு மருந்து தடவி, உடை மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு முன்னெல்லாம் ஆறு பேர் இருந்தார்கள். சிக்கனத்தின் பொருட்டு மூவரானார்கள். சிக்கனத்தை அறிவித்த மாதத்தில்தான் நிறுவனரின் அறைக்குக் குளிர்சாதனம் வந்தது.

கடைசிக் கட்டிலில் குட்டிம்மா. தலை நரைக்கத் தொடங்கியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. பேச்சு வராது. பெரியக்காவின் கையால் ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பாள். வேறு யார் கரண்டி நீட்டினாலும் உதடு ஒட்டிக்கொள்ளும்.

அன்று அவளைத் துடைக்கச் சட்டையைக் கழற்றிய பெரியக்கா அப்படியே நின்றுவிட்டாள். மேல்கையில், வெளிப்புறம் வரிசையாக நான்கு கன்றல்கள். உட்புறம் ஒன்று. தன் விரல்களை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. அது பெரிய கை.

இது முதல் தடவையும் இல்லை. போன வாரம் இடது தோளில் பார்த்தபோதே நிறுவனரிடம் போய்ச் சொன்னாள்.

"கட்டில்ல இடிச்சிருக்கும்" என்றார் அவர்.

"கட்டிலுக்கு விரல் முளைச்சிருக்கா ஐயா?"

"வார்த்தையை அளந்து பேசு. இது புனிதமான இடம்."

புனிதமான அந்த இடத்தின் பெண்கள் கூடத்தில் நினைத்த நேரம் நுழையும் ஆண் ஒருவர்தான். நிறுவனரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. வேறெந்த வேலையிலும் நிலைக்காதவர், ஆகவே கௌரவ ஆலோசகர். ஊழியர்கள் வாயில் அவர் 'மச்சினன்'. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். நடக்கும்போது அது குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டால் குட்டிம்மா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள்.

அன்றைக்குத்தான் சோதனை.

வேறெங்கோ ஓர் இல்லத்தில் நடக்கக் கூடாதது நடந்து, செய்தியாகி, அரசாங்கம் விழித்துக்கொண்டது. குழந்தைகளோடும், தம்மைக் காத்துக்கொள்ள முடியாதவர்களோடும் வேலை செய்யும் எல்லாருடைய கைரேகையையும் எடுத்து, பழைய குற்றம் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு. கேட்டதும் பெரியக்கா, "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள். எல்லாருக்குமே அப்படித்தான் இருந்தது.

நிறுவனர் அதை விழாவாக்கினார். கூடத்துக்கு வெளியே மேடை, பேனர். பேனரில் 'பாதுகாப்பு' என்ற சொல் சின்னதாகவும் அவர் முகம் பெரியதாகவும் இருந்தன. "பாதுகாப்பு என் மூச்சு" என்று தொடங்கினார். மைக் கீச்சிட்டது. "இந்த ஜீவன்கள் என் பிள்ளைகள்" என்னும் இடத்தில் கைக்குட்டையை எடுத்தார். அது அந்த இடத்துக்கென்றே மடித்து வைத்திருந்த கைக்குட்டை. முன் வரிசையில் மச்சினன் பலமாகக் கைதட்டினார். சாவிக்கொத்து குலுங்கியது.

மேசையில் சின்னக் கண்ணாடி பதித்த ஒரு மெஷின். அதை இயக்க வந்திருந்த பெண்ணை எல்லாரும் மெஷின்காரம்மா என்றார்கள். ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்திருந்தார்கள். அலுவலகப் பொருளைத் தொடுமுன் கிருமிநாசினியில் கை கழுவ வேண்டும் என்று நிறுவனர் கையெழுத்துடன் சுவரில் ஒரு பலகை உண்டு. சாதாரண நாற்காலியைத் தொடவே கழுவுபவர்கள், காவல்துறை மெஷின் என்றதும் விடுவார்களா? காலையிலிருந்தே வாளியைச் சுற்றி உட்கார்ந்து, தேங்காய் நார் போட்டுத் தேய்தேயென்று தேய்த்திருந்தார்கள்.

இளையவர்கள் எப்படியோ தப்பித்தார்கள். சமையற்காரிக்கு மூன்றாம் தடவை பச்சை விளக்கு எரிந்தது. வேன் டிரைவருக்கு உடனே எரிந்தது. வாயாடிக்குக் கட்டைவிரலில் மட்டும் எரிந்தது. பெரியக்கா கையை வைத்தாள். சிவப்பு. துடைத்து வைத்தாள். சிவப்பு. பத்து விரலும் சிவப்பு.

"கொஞ்சம் அழுத்துங்கக்கா."

"இதுக்கு மேல அழுத்தினா நான் மெஷினுக்குள்ள போயிருவேம்மா."

வரிசை சிரித்தது. மெஷின்காரம்மா சிரிக்கவில்லை. அந்த விரல்நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள். தேய்ந்துபோன சோப்புத் துண்டு போல வழவழவென்றிருந்தன.

"ரேகையே இல்லையே! என்ன வேலைக்கா பாக்கறீங்க?"

"இவங்க பிள்ளைகளைத் துடைக்கிற வேலை" என்று நிறுவனரைக் காட்டினாள் வாயாடி.

நிறுவனர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிம்மதியும் இருந்தது. "ரேகை விழாதவங்களை உள்ள விட்டா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். சட்டம் சட்டம்தான். பெரியக்கா, இப்பவே கூடத்தை விட்டு வெளிய வந்துடுங்க. சாயங்காலம் சாமானை எடுத்துட்டுக் கிளம்பிடுங்க."

"சார்," என்றாள் மெஷின்காரம்மா, "ரேகை விழாதவங்களுக்கு வேற வழி இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல பேரைச் சொல்லி விசாரிச்சுச் சொல்லுவாங்க. நிர்வாகம் அனுப்பி வச்சாப் போதும்."

"நிர்வாகத்துக்கு வேற வேலை இருக்கும்மா."

"இங்க எத்தனை வருஷமா இருக்கேன் ஐயா?" என்றாள் பெரியக்கா. குரல் உயரவில்லை. "என் ரேகையை உங்க தொட்டியிலதான் போட்டேன். வேணும்னா அதுல தேடிப் பாருங்க."

நிறுவனர் பேனரைப் பார்த்தார்.

"சரி, அடுத்தது மச்சினனா?" என்றாள் வாயாடி. "வாங்க சார், விரலை நீட்டுங்க. உங்களுக்குத் தொட்டி வேலை இல்ல, நல்லா விழும்."

"அவர் ஊழியர் இல்ல" என்றார் நிறுவனர். "கௌரவம்."

"கௌரவத்துக்குக் கை கிடையாதா ஐயா?"

"நன்றி கெட்ட கூட்டம்! தெருவுல நின்னவங்களைக் கூட்டிட்டு வந்து சோறு போட்டேன் பாரு!"

அதோடு விழா முடிந்தது. பெரியக்கா கூடத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்தாள்.

மதியம் குட்டிம்மா வாயைத் திறக்கவில்லை. சமையற்காரி கரண்டியை நீட்டினாள், கெஞ்சினாள், பாடினாள். கஞ்சி தாடையில் வழிந்து ஆறியது. சட்டையை மாற்றப்போன வாயாடி அந்த மேல்கையைப் பார்த்தாள். டிரைவரைக் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்துக் காட்டினாள். குட்டிம்மா கட்டிலுக்கடியில் போக முயன்றுகொண்டிருந்தாள்.

துணி காயப்போடும் இடத்தில் கூடினார்கள். ஈர விரிப்புகளின் மறைவில் பேசினார்கள்.

"வேலையை நிறுத்திடுவோம்" என்றார் டிரைவர்.

"நிறுத்திட்டு? யார் பீயை அள்றது? மூணு மணி நேரம் புரட்டாம விட்டாப் புண்ணு வந்துரும்ணே. அவரா அழப்போறாரு? கைக்குட்டையை எடுப்பாரு, அவ்வளவுதான்" என்றாள் வாயாடி.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றாள் சமையற்காரி. "எனக்குத்தான் பச்சை எரிஞ்சுடுச்சே. நான் எதுக்கு வாயைக் குடுக்கணும்?" சொல்லிவிட்டு, கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அதில் குட்டிம்மா தின்னாத கஞ்சி அப்படியே காய்ந்திருந்தது. மூக்கை உறிஞ்சினாள். "சரி, சொல்லித் தொலைங்க. என்ன செய்யணும்?"

வாயாடி சொன்னாள். "வேலையை நிறுத்த வேணாம். உத்தரவைச் செய்வோம். சோதனை முடியாத ஆள் உள்ள போகக் கூடாதுன்னு அவரே எல்லார் முன்னாடியும் சொன்னாரில்ல? அதைத்தான் செய்யப் போறோம்."

அதற்குள் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. மச்சினன் பெண்கள் கூடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். சமையற்காரி ஓடினாள். கதவுக்குக் குறுக்கே முதலில் போய் நின்றவள் அவள்தான்.

"வழி விடு."

"சோதனை ஆயிடுச்சா சார்?"

"என்ன திமிரா?"

"இல்ல சார், பாதுகாப்பு. அது ஐயாவோட மூச்சு. நிறுத்தக் கூடாதில்ல?"

டிரைவர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். பின்னால் வாயாடி. துணி மடிப்பவளும், சோதனைக்காகப் பகலில் வந்திருந்த ராத்திரிக் காவலாளியும் வந்தார்கள். மச்சினன் கையை ஓங்கினார். யாரும் நகரவில்லை. ஓங்கிய கையை எல்லாரும் பார்த்தார்கள். விரல்களைத்தான் பார்த்தார்கள். என்ன நினைத்தாரோ, அவர் கையைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிறுவனர் ஓடிவந்தார். "என்ன நடக்குது இங்க? என் வீட்டு வாசல்ல எனக்கே காவலா?"

"நீங்களும் இன்னும் விரல் வைக்கல ஐயா" என்றார் டிரைவர் பணிவாக. "மெஷின் இன்னும் மேசையிலதான் இருக்கு."

"அத்தனை பேரையும் வெளிய தள்ளுவேன்!"

"தள்ளுங்க. தள்ளிட்டு விரிப்பைத் துவைக்க மேசைமேல இருக்கிற மெஷினைக் கூப்பிடுங்க" என்றாள் வாயாடி.

நிறுவனர் மெஷின்காரம்மாவைப் பார்த்தார். "மூட்டை கட்டும்மா, நேரமாச்சு."

"எனக்குச் சாயங்காலம் வரைக்கும் டூட்டி இருக்கு சார்" என்றாள் அவள். மெஷினை அணைக்கவில்லை.

"போலீசைக் கூப்பிடறேன்!"

"நல்லது" என்றாள் படியில் உட்கார்ந்திருந்த பெரியக்கா. முதல் தடவையாக எழுந்தாள். "வரட்டும். வந்ததும் முதல்ல குட்டிம்மா கையைப் பாக்கட்டும். அதுல அஞ்சு விரல் தெளிவா விழுந்திருக்கு. அதுக்கு மெஷினே வேண்டாம்."

மச்சினனின் சாவிக்கொத்து குலுங்கவில்லை. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நிறுவனர் போனை எடுத்தார். எண்ணை அழுத்தவும் இல்லை, பையில் வைக்கவும் இல்லை.

"பெரியக்கா, நீ உள்ள போக்கா. அவ பட்டினியா கிடக்கா" என்றாள் துணி மடிப்பவள்.

பெரியக்கா தலையை ஆட்டினாள். "எனக்கும் இன்னும் சோதனை ஆகலையே. அவங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒண்ணா? எனக்கு இங்கேயே போதும். அவளைக் கூட்டிட்டு வா."

வாயாடி குட்டிம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கதவு வரை தள்ளி வந்தாள். நிலைப்படிக்கு உள்ளே குட்டிம்மா. வெளியே பெரியக்கா. இடையில் மரச் சட்டம் ஒன்று. சமையற்காரி புதிதாகக் கஞ்சி கொண்டுவந்தாள். பெரியக்கா தரையில் உட்கார்ந்து, கரண்டியை ஊதி ஆற்றி, ரேகை தேய்ந்த கையை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நீட்டினாள்.

குட்டிம்மா கதவில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தூரத்தில் நின்ற மச்சினனைப் பார்த்ததும் அவள் தலை தோளுக்குள் இறங்கியது. டிரைவர் ஓரடி நகர்ந்து அவரை மறைத்தார். பக்கத்தில் காவலாளி நகர்ந்தார். சமையற்காரி நகர்ந்தாள். இப்போது குட்டிம்மாவின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வேர்வையும் பிளீச்சிங்கும் நாறும் முதுகுகள்தான்.

வாசல் கேட்டுக்கு வெளியே ஏதோ ஒரு வண்டி வந்து நின்றது. போலீசா, நன்கொடையாளரா, தெரியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குட்டிம்மா வாயைத் திறந்தாள்.