வளையத்தின் அடியில் ஒரு வடு

கீழைக் கடலில் எழுந்த ஞாயிறு தேங்காய்த்திட்டுத் துறையில் நெருங்கி நின்ற படகுகளின் முகப்பைப் பொன்னாக்கி, மீன் ஏலம் கூறுவோரின் ஆரவாரத்தைக் கடந்து, நூல் பிடித்தாற்போல் நீண்ட புதுச்சேரித் தெருக்களினூடே ஒளி பரப்பி, தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளில் வந்து படர்ந்த காலை அது. அக்கூரைகளுள் ஒன்றன்கீழ்த் தூண்டிற்கோல் செய்யும் பட்டறையிலே, நூல் சுற்றும் மகளிர்க்குத் தலைவியாய் வீற்றிருந்தாள் தனக்கொடி.

பிசின் தோய்ந்த, கார்பன் எனப்படும் கரியிழைத் தாளை, அடி பருத்து நுனி மெலிந்த இரும்புக் கம்பியின்மேல் இறுகச் சுருட்டி, சூளையில் வேகவைத்துக் கம்பியை உருவினால் எஞ்சும் உள்ளீடற்ற குழலே தூண்டிற்கோலின் உடல். அதன்மேல் தூண்டில் நரம்பு ஓடுதற்குரிய வளையங்களை, அவற்றின் தட்டையான காலோடு சேர்த்துப் பட்டுநூலால் கட்டி, ஒளிரும் பூச்சிட்டு முடிப்பது அவள் கைவண்ணம். அவள் சுற்றிய நூலில் ஓரிழை மற்றோரிழைமேல் ஏறியதை எவரும் கண்டதில்லை.

அன்று, கடற்கரைப் பாறைகளில் நின்று தூண்டில் வீசும் செம்மல் என்பான், அப்பட்டறையில் வாங்கிய கோலை இருதுண்டமாய் ஏந்தி வந்தான்.

பட்டறைக்குரியவரான புருஷோத்தமன், “கோல தலைக்கு மேல நட்டமா தூக்கியிருப்பீங்க. அப்படித் தூக்குனா பாரமெல்லாம் நுனிக்குப் போயிடும். ஒடையாம என்னா செய்யும்?” என்றார்.

“சாச்சித்தாங்க புடிச்சேன். மீனு ரெண்டு கிலோ கூடத் தேறாது” என்றான் அவன்.

உடையவர் உரைத்த முறை பொய்யன்று. ஆயினும், அவ்வாறு தூக்கிய கோல் நுனியருகே முறியும். இதுவோ நடுவில், வளையத்தின் அடியிலேயே முறிந்திருந்தது. அதனை நோக்கிய தனக்கொடி, கத்தி அலகால் நூலைக் கீறிப் பிரித்தாள். வளையத்தின் கால் பதிந்த இடத்திலே மயிரிழை போல் ஒரு வடு! அராவி மழுக்கப்படாத கூர்முனை, கோல் வளையுந்தோறும் கரியிழையைக் கடித்துக் கடித்து அறுத்திருந்தது. அவ்வளையங்களை அராவியவள் அவளே. வேறெவரும் அவ்வடுவைக் காணவில்லை. வாளாவிருந்தால் பழி செம்மலையே சாரும்.

“மொதலாளி, அவரு மேல தப்பில்ல. வளையத்தோட காலு கோலக் கடிச்சிருக்கு. அவசரத்துல நாந்தான் சரியா அராவாம உட்டுட்டேன்.”

“அதே வளையம் போட்ட நாப்பது கோலு இப்ப வண்டி ஏறப்போவுது, தனக்கொடி!”

“ஏறக்கூடாதுங்க. எல்லாத்தையும் பிரிச்சிடணும்.”

சினத்தால் முகம் சிவந்த புருஷோத்தமன், தாமே ஓர் அலகை எடுத்து, முதற்கோலைப் பிரிக்க அமர்ந்தார். மகளிரும் சூழ்ந்து அமர்ந்தனர். பொழுது சாயுமுன் பதினொரு கோல்களில் அவ்வடு வெளிப்பட்டது.

அதுகாறும் ஓரமாய்க் காத்திருந்த செம்மலிடம், வேறொருத்தி கட்டிய புதுக்கோலை உடையவர் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

“அந்தம்மாவே எனக்கு ஒண்ணு கட்டித் தரட்டுங்க” என்றான்.

தனக்கொடியின் கண்கள் பனித்தன. புதுவளையம் ஒன்றை அராவி, அதன் காலைத் தன் விரல்நுனியில் இழுத்துப் பார்த்து, தோலில் கீறல் விழாமை கண்ட பின்னரே நூலைத் தொட்டாள். தன் பிழையைத் தானே பிரித்துக் காட்டிய கைக்கு, பிறர் நம்பிக்கையைக் கட்டி முடிக்கும் பேறு என்றும் உரியதாகுக!