கோணி ஊசித் தையல்

லாரிக்காரர் பழந்துணிகளால் தைத்த படத்தை விரித்துக் காட்டினார். மலைப்பாதை வளைவுகளில் பாரவண்டியைச் சாவகாசமாகத் திருப்பிய மனுஷன், இப்போது அரைச் சுவர் அகலத்துக்கு ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு பரீட்சைத் தாளை நீட்டுகிற பிள்ளை மாதிரி நின்றார். எதிரே நின்றவன் அவருடைய மச்சினன், டெய்லர். அன்று காலையில்தான் புதுக்கடைக்கு மெஷினையும் வெட்டுமேசையையும் கொண்டுவந்து போட்டிருந்தான். நாலு சுவரும் வெறிச்சென்று இருந்தன.

இருபது வருஷமாக அவனைக் கிண்டல் பண்ணாமல் லாரிக்காரருக்குச் சோறு இறங்கியதில்லை. "ஆம்பளைக்கு ஊசியும் நூலும் ஒரு தொழிலா மாப்ள?" என்று நாலு பேர் நடுவே கேட்பார். அப்புறம் ஒருநாள் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவியது. இடதுகால் மூன்று இடத்தில் முறிந்தது. எட்டு மாதம் படுக்கை. மனைவி வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, மலம் எடுத்ததெல்லாம் இந்த மச்சினன்தான். கம்பி செருகிய காலில் பேன்ட் ஏறாது என்று பக்கத்தையலைப் பிரித்து, நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி ஒன்று தைத்தும் கொடுத்தான். பெற்ற பிள்ளைகூட அப்படிப் பார்த்திருக்காது, அது சத்தியம். ஆனால் நன்றி சொல்ல வாயைத் திறந்தால் போதும், "உங்க வாய்க்குப் பயந்துதான் மாமா சீக்கிரம் எழுப்பி விடுறேன்" என்று ஏதாவது சொல்லிச் சிரித்துவிடுவான். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

உட்கார முடிந்ததும் பழந்துணி மூட்டையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரிசிச் சாக்குகளைப் பிரித்து அடித்துணியாக விரித்தார். நைந்த தலையணை உறைகளில் வானம், கிழிந்த திரைச்சீலையில் மலை, மனைவியின் வெளுத்த நைட்டியில் வயல், வெங்காயம் வந்த வலைப்பையில் வேலி. நடுவே வளைந்து ஏறும் சாலைக்கு அந்த நாடா வைத்த பேன்ட். தையலில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கிழிந்த தார்ப்பாயைக் கோணி ஊசியால் இழுத்துப் போடுவது. "விரலையும் சேர்த்துத் தைச்சிடாதீங்க" என்று மனைவி சிரித்தாள். மூன்று மாதம் ஆனது.

டெய்லர் படத்தை வாங்கி, தொழில் புத்தி போகுமா, முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தான்.

"யார் மாமா தைச்சது?"

"நான்தான். கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும் மாப்ள."

முன்பக்கம் திருப்பினான். விரல் சாலையோடு ஏறிப் போய், ஒரு நாடா முடிச்சில் நின்றது. படத்தைச் சுருட்டிக்கொண்டு மெஷின் இருந்த உள்ளறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

லாரிக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரிக்கிறான். பிரித்து ஒழுங்காகத் தைக்கிறான். அவனையும் குறை சொல்ல முடியாது; டெய்லர் கடைச் சுவரில் இந்தத் தையல் தொங்கினால் வாடிக்கை வருமா? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நன்றி சொல்லத் தெரியாத தன் வாய்க்குப் பதிலாக அல்லவா ஒவ்வொரு குத்தும் குத்தியிருந்தார்.

அவன் திரும்பி வந்தான். தையல் ஒன்றுகூடக் கலையவில்லை. மேல்விளிம்பில் மட்டும் குழாய் மாதிரி ஒரு பட்டி தைத்து, அதற்குள் திரைக்கம்பி செருகியிருந்தான்.

"மாட்டுறதுக்கு வழியே வைக்கலையே மாமா. பசை போட்டா ஒட்டுறது?"

"தையலு...?"

"அதுல நான் கை வைப்பேனா?"

வெட்டுமேசைக்குப் பின்னால், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற சுவரைக் காட்டினான். ஸ்டூலைப் போட்டு ஏறினான். "ஆடுது மாமா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு ஆணிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டு சுத்தியலை எடுத்தான்.

லாரிக்காரர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்தார். கால் தாங்கியது. நிமிர்ந்து பார்த்தார். அவன் வாயில் ஆணி. அடடா, இதைவிட நல்ல நேரம் வருமா!

"மாப்ள, நீ இல்லேன்னா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன்டா. அம்மா பார்க்கிற மாதிரி பார்த்தே. அன்னைக்கெல்லாம் பேசினதுக்கு என்னை மன்னிச்சிடு."

 ஓங்கிய சுத்தியல் ஓங்கியபடியே நின்றது.