சேவூர் சாலைக் கிணற்றில் வாழும் கடல்பூச்சி

ஆரணியிலிருந்து சேவூர் போகும் சாலையில், சாயப்பட்டறை பலராமன் வீட்டுக் கிணற்றில், 1993ஆம் வருஷம் தை மாதத்திலிருந்து நடுக்கடல் பூச்சிகள் வாழ்ந்து வருகின்றன. கிணற்றின் ஆழம் ஐம்பத்திரண்டு அடி. கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாளியில் ஏறும் தண்ணீர் அன்றும் இன்றும் நல்ல தண்ணீர்தான். பருப்பு வேகும், பால் திரியாது. பூச்சிகள் வந்த வாரம் கிணற்றிலிருந்த தவளைகள் மொத்தமும் காணாமல் போயின. மற்றபடி பட்டறை வேலைக்கு ஒரு நாள்கூடத் தடை ஏற்படவில்லை.

முதலில் அதைப் பூச்சி என்று யாரும் நினைக்கவில்லை. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, பசை நீக்கி, கழி எனப்படும் நூல் சிட்டங்களாகக் கட்டிச் சாயம் ஏற்றுவது பலராமனின் தொழில். சாயப்பொடியைக் கரைப்பது அவர் மனைவி குணசுந்தரியின் வேலை. வாளித் தண்ணீரில் நீலநீலமாகப் பொட்டுகள் தெரிந்ததும் பலராமனுக்குக் கோபம் தலைக்கேறியது. கரையாத பொடி ஒரு துளி பட்டாலும் கழியில் புள்ளி விழுந்துவிடும், தறியில் ஏற்றும் பாவு நூல் முழுவதும் பாழ். "ஏம்மே, பொடிய கெணத்தாண்ட வெச்சிக்கினு கலக்காதனு எத்தினி வாட்டி சொல்றது?" என்று ஒன்பது நாள் கத்தினார். ஒன்பது நாளும் அந்த மனுஷி வேட்டியை நான்காக மடித்துத் தண்ணீரை வடிகட்டினாள். பத்தாம் நாள் காலை, அவள் குச்சியால் கலக்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பொட்டுகள் போவதைப் பார்த்தாள். சாயப்பொடி நீந்தாது என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்து அவள் செய்தது சாயக்காரர் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடியது. ஒரு பூச்சியை ஈரமான வெள்ளைக் கழியில் வைத்துத் தேய்த்தாள். சாயம் விடவில்லை. சோப்பு, சோடா போட்டு வேகவைத்தாள். அப்போதும் விடவில்லை. "இது சாயமே இல்ல," என்றாள் புருஷனிடம். "உள்ள மடிப்பு மடிப்பா இன்னாவோ இருக்குது. மயில்கழுத்து பொடவ இல்ல? அந்த மாதிரி. இப்டி திருப்பினா நீலம், அப்டி திருப்பினா ஒண்ணுமே இல்ல." பலராமன் மூன்று நாள் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நான்காம் நாள் போளூர்ச் சந்தையிலிருந்து பலாப்பழம் வாங்கி வந்து வைத்தார். அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

குணசுந்தரி எட்டாவதோடு நின்றவள். தாய் இறந்த வீட்டில் ஒன்பது வயது இளைய தம்பியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவள் பார்த்துக்கொண்டாள். அந்தத் தம்பி கமலக்கண்ணன் அப்போது வேலூரில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த லீவுக்கு வந்தவன் பூச்சியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "எறா ஜாதிதான்க்கா. ஆனா நடுக்கடல்லதான் இருக்கும், கரைக்கே வராது," என்றான். "இங்க வந்துக்கினுதான கீது," என்றாள் அவள்.

அன்றிலிருந்து எட்டு வருஷம் அவள் எழுதினாள். பள்ளிக்கூடத்து நோட்டில், எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், கழி காயப்போட்ட இடைவெளியில் பார்த்ததையெல்லாம் எழுதினாள். ஆண் பூச்சி அரிசி நொய் அளவு, தட்டை, அதுதான் மின்னும். காலை பத்தரை மணிக்கு வெயில் கிணற்றுக்குள் நேராக விழும்போது சுற்றிச் சுற்றி மேலே வரும், ஒரு மேகம் கடந்தால் உடனே அடிக்குப் போய்விடும். பெண் பூச்சிக்கு நிறமே கிடையாது. அது கூழ் போன்ற ஒரு குடுவைக்குள் குடியிருந்துகொண்டு, பெரிய பெரிய கண்ணை வைத்து ஆண் பூச்சி ஆடுவதைப் பார்க்கும். பிடித்திருந்தால் வெளியே வரும், பிடிக்காவிட்டால் வராது. ஐப்பசி மழையில் எண்ணிக்கை குறையும், மாசியில் கூடும். எங்கெங்கே இருக்கிறது என்பதையும் அவளே தேடினாள். போளூரில் கல்யாணம் என்றால் மொய் வைத்த கையோடு மண்டபத்துக் கிணற்றை எட்டிப் பார்ப்பாள். செய்யாறில் சாவு என்றாலும் அப்படியே. துக்கம் விசாரிக்க வந்தவள் கிணற்றில் குதிக்கப் போகிறாள் என்று ஒரு தடவை நாலு பேர் புடவையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இப்படி நாற்பத்தொரு கிணறு பார்த்தாள். பக்கத்து வீட்டு நெசவாளி சக்கரவர்த்தியின் கிணறு இருபது தப்படியில் இருக்கிறது. அதில்கூட ஒன்றும் இல்லை. பலராமன் கிணற்றில் மட்டும்தான்.

ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், ஆமாம் என்றார்கள், போனார்கள். வெளியூர் ஆட்கள்தான் பேஜார் பண்ணினார்கள். ஒரு அதிகாரி, கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு நாடகம் ஆடுகிறாயா என்று அவளிடமே கேட்டார். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: இது ஆரணியில் இருக்கிறது, குணசுந்தரி பார்த்தாள் என்று ஒரு புத்தகத்தில் அச்சாக வேண்டும். வாழ்க்கையில் அவள் வேறு எதுவும் கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கமலக்கண்ணன் மேற்படிப்புக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகும்போது அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். "உன் பேர்தான்க்கா மொதல்ல வரும்." ஒவ்வொரு நோட்டாக வாங்கிக்கொண்டு போனான். மொத்தம் பதினோரு நோட்டு.

கமலக்கண்ணன் எழுதிய புத்தகம் 2003இல் வந்தது. இங்கிலீஷ். அவளால் படிக்க முடியாது, ஆனாலும் மஞ்சள் குங்குமம் வைத்துப் பிரித்தாள். சக்கரவர்த்தியின் மகள் சிவசங்கரி காலேஜில் படித்தவள், உட்கார்ந்து வாசித்துச் சொன்னாள். வெள்ளைக் கழியில் தேய்த்தது இருந்தது. மடிப்பு மடிப்பாக என்பது இருந்தது. பத்தரை மணி வெயில், குடுவை, ஐப்பசி, மாசி எல்லாம் இருந்தது. எங்கே வாழ்கிறது என்ற பக்கத்தில் ஒரு படம். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, வங்கக் கடலின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஆரணி இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் படகோட்டிக்கும் டைப் அடித்தவருக்கும் நன்றி சொல்லியிருந்தது. குணசுந்தரி அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் அவள் பெயர் வரவில்லை.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தம்பியிடம் பேசினாள். "கெணத்துல கடல்பூச்சினு எழுதினா எவன்க்கா நம்புவான்? எனக்கு டாக்டர் பட்டமே குடுத்திருக்க மாட்டாங்க," என்றான்.

"நெஜம்னு உனுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சும் எழுதலயா?" என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள். யாரோ அதிகாரி பொய் சொன்னவள் என்றதை அவள் துடைத்துப் போட்டுவிட்டாள். தூக்கி வளர்த்த பிள்ளை அதையே அச்சடித்துக் கொடுத்தான். பாவி! இரண்டு நாள் சாப்பிடவில்லை, வாய்விட்டு அழுதாள். மூன்றாம் நாள் பட்டறைக்கு வந்து சாயம் கரைத்தாள். கிணற்றுப் பூச்சிகள் வழக்கம்போலப் பத்தரைக்கு மேலே வந்தன.

2005இல் வெளிநாட்டுக் கப்பல் ஒன்று புத்தகத்தில் புள்ளி வைத்திருந்த இடத்துக்குப் போய்ப் பதினோரு நாள் வலை இறக்கியது. ஒரு பூச்சிகூட மாட்டவில்லை. நல்ல தண்ணீரும் இருபத்தேழு தவளைகளும் வந்தன. கப்பலில் இருந்தவர்கள் தவளைகளைப் படம் எடுத்துக்கொண்டு, பூச்சி எங்கே என்று கேட்டு கமலக்கண்ணனுக்குக் கடிதம் போட்டார்கள். அவன் புட்டியில் போட்டு வைத்திருந்தவை எப்போதோ நிறம் போய்க் கரைந்துவிட்டிருந்தன. அவன் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில், பூச்சியைக் கொண்டுவந்து காட்ட மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள்.

2006 மாசி மாதம், சேவூர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான். முன்தலை வழுக்கையாகியிருந்தது. காலை பத்தரை மணி. குணசுந்தரி, பலராமன், சிவசங்கரி மூவரும் கிணற்றடியில் கழி அலசிக்கொண்டிருந்தார்கள். அவன் எட்டிப் பார்த்தான். நகர்ந்து போய் மறுபக்கத்திலிருந்து பார்த்தான். வாளி இறைத்துக் கையை விட்டுத் துழாவினான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் வேலூரில் கண் டாக்டரிடம் காட்டினான். கடைசி வரி வரை சரியாகப் படித்தான், கண்ணில் கோளாறு இல்லை. அதற்கு அடுத்த நாளும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், கழி வாங்க வருகிறவர்கள், இடுப்புக் குழந்தை வரைக்கும் எல்லோருக்கும் தெரிகிற பூச்சி அவனுக்கு மட்டும் தெரியவில்லை. ஊரில் யாரும் அதைப் பெரிய அதிசயமாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவன் அக்காவின் காலடியில் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தான். புது நோட்டு வைத்திருந்தான். "எனக்குத் தெரியலக்கா. நீ பாத்துச் சொல்லு, நான் எழுதிக்கறேன். இந்த வாட்டி ஆரணினு போடறேன். உன் பேரு மொதல்ல, என் பேரு அதுக்குக் கீழ. சாமி சத்தியமா." அவன் பொய் சொல்லவில்லை என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

குணசுந்தரி எழுந்து போய்க் கிணற்றைப் பார்த்தாள். அந்த வருஷ மாசியில் வந்ததுபோலப் பூச்சி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் ஆழம் வரை நீலம் சுழன்றுகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் அவள் மூக்குத்தியிலும் கன்னத்திலும் ஏறி இறங்கியது. அவள் வெகுநேரம் பார்த்தாள். பலராமன் கழியை அலசுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தினி இருக்குதுக்கா?" என்று கேட்டான் தம்பி.

"ஒண்ணும் இல்லடா," என்றாள். "நீதான் அப்பவே எழுதிட்டியே, இங்க இல்லனு."

அவன் பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தான். பலராமனும் சிவசங்கரியும் கழியை எடுத்து மறுபடி அலச ஆரம்பித்தார்கள். அவன் தலையைக் குனிந்து, தேதி போட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டான். வேலை போன பிறகும் வருஷா வருஷம் மாசியில் வருகிறான், கேட்கிறான், எழுதிக்கொள்கிறான். குணசுந்தரி அவனுக்குத் தலைவாழை இலை போட்டு, காராமணிக் குழம்பு ஊற்றி, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்கிறாள்.