ஏழாம் சாவி

லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது என்று வாட்ச்மேன் போன் செய்தபோது அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"அதே மாதிரிதான் மேடம். ஆள் இல்லாம நின்னுச்சு, தானா உசுரு வந்துச்சு. திரையில அதே எழுத்து. சாவி ஏழு."

லிஃப்டை நிறுத்திக் கிளப்பப் பணியாளர்கள் போடும் சாவிகளில் ஏழாவது அவள் கணவனுடையது. அவன் இறந்து இரண்டு மாதமாகிறது. சாவி அவளுடைய கைப்பையில் கிடந்தது.

இருவரும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். லிஃப்டை ஓட்டும் சிறு கணினியின் மைய நிரலான கர்னலை எழுதியது அவள். கணினி கண் விழித்ததும் முதலில் ஓடும் நிரலான பூட்லோடரை எழுதியது அவன். கர்னல் அணைந்து படுக்கப்போகுமுன், ஏன் படுக்கிறோம் என்பதை மின்சாரம் போனாலும் அழியாத ஒரு மூலையில் எழுதிவைக்கும். பூட்லோடர் எழுந்து அதைப் படித்துத் திரையில் காட்டும். "நீ சொல்லிட்டுப் போ, நான் கேட்டுக்கிறேன்" என்று அவன் கேலி செய்வான்.

லிஃப்டில் அவன் ஆவி வருகிறது என்ற பேச்சு காற்றுவாக்கில் மாமியார் காதுக்கும் எட்டியிருந்தது. அவள் செருப்பு மாட்டும்போது மாமியார் வாசல்வரை வந்தாள்.

"அவன்தானாம்மா?"

"மெஷின் கோளாறு அத்தை."

"அவனா இருந்தா விரட்டிடாதே."

மொட்டை மாடி இயந்திர அறையில் கிரீஸ் நாற்றம். வாட்ச்மேன் வாசலைத் தாண்டவில்லை. அவள் லேப்டாப்பைச் செருகிக் காத்திருந்தாள். பயம் பாதி, ஆசை பாதி.

கீழே தண்ணீர் மோட்டார் உறுமியது. விளக்கு ஒரு கணம் மங்கியது. லிஃப்ட் செத்துப் பிழைத்தது. திரையில்: பணியாளர் கட்டளை, சாவி 7.

"இந்த மோட்டார் எப்ப வச்சாங்க?"

"புதுசு மேடம். போன வாரம்தான்."

அவளுக்கு விளங்கிவிட்டது. மோட்டார் மின்சாரத்தை இழுக்க, கணினி பொசுக்கென்று அணைகிறது. கர்னலுக்குக் காரணம் எழுத நேரமில்லை. பூட்லோடர் பழைய குறிப்பையே படிக்கிறது. அவன் கடைசியாக இங்கே வந்து, சாவி போட்டு லிஃப்டை மறுபடி கிளப்பியபோது விழுந்த குறிப்பு. படித்தவன் அழிப்பான் என்று அவள் இருந்தாள். எழுதியவள் அழிப்பாள் என்று அவன் இருந்திருக்கிறான். வீட்டிலும் அப்படித்தான். மற்றவர் தாழிட்டிருப்பார் என்று இருவரும் தூங்கிவிட, வாசல் கதவு விடிய விடியத் திறந்து கிடந்ததுண்டு.

திருத்தம் ஒரே வரி. விரல் எழவில்லை.

"மோட்டாரை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

"சரியாயிடுச்சா?"

"இன்னும் இல்ல."

மறுபடி விளக்கு மங்கியது, மறுபடி ஏழு வந்தது. எழுத்து மறையும்வரை இமைக்காமல் பார்த்தாள். பிறகு அந்த வரியை எழுதினாள்: படித்தபின் அழி. அதை லிஃப்டின் கணினியில் ஏற்றினாள், ஒருமுறை கிளப்பி, பழையது துடைக்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவது முறை மோட்டார் ஓடியபோது திரையில் வந்தது: காரணம் இல்லை.

"மோட்டாருக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்க. அப்புறம் லிஃப்ட் நிக்காது" என்றாள்.

வாட்ச்மேன் தலையை மட்டும் உள்ளே நீட்டினான். "அப்ப, போயிடுச்சா மேடம்?"

"போயிட்டாரு."

அவன் ஓடிப்போய் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனைக் கடந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள்.